முழங்காலுக்குக் கீழே எலும்புக் கட்டி, பாதத்தைத் தூக்க முடியவில்லை: அறுவைக்கு அவசரம் உண்டா, வளர்ச்சி முடியும்வரை பொறுக்கலாமா?

ஆலங்குளத்துக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்காகக் கேட்கிறேன். முக்கூடலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். இடது முழங்காலின் வெளிப்புறத்தில், மூட்டுக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கெட்டியான புடைப்பு இருப்பதைப் பொங்கல் விடுமுறையில்தான் கவனித்தோம். அமுக்கினால் அசையாது, வலிக்கவும் இல்லை. தென்காசியில் ஒரு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பிலிருந்து முளைத்த சாதாரணக் கட்டி, பெயர் ஆஸ்டியோகாண்ட்ரோமா, புற்றுநோய் இல்லை, பையன் வளர்ந்து முடியட்டும், தேவைப்பட்டால் 17, 18 வயதில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு வேறொன்று தொடங்கியது. நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது கழன்றதே அவனுக்குத் தெரியாது. வலது செருப்பு புதிதாகவே இருக்க, இடது செருப்பின் முன்நுனி மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து ரப்பர் பிய்ந்துவிட்டது. ஆற்றுப் படித்துறையில் ஏறும்போது பெருவிரல் படியில் இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான் என்று பள்ளியில் கண்டித்திருக்கிறார்கள். இப்போது பார்த்தால் அந்தப் பாதத்தை மேல்நோக்கித் தூக்கவே அவனால் முடியவில்லை. பாதத்தின் மேற்புறம் மரத்துப்போய் இருப்பதாகவும் சொல்கிறான்.

பாளையங்கோட்டையில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். கட்டி நரம்பை அழுத்துகிறது, எம்.ஆர்.ஐ.யும் நரம்புச் சோதனையும் செய்துவிட்டுச் சில வாரங்களுக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறார். சாதாரணக் கட்டி என்று ஒருவரும் உடனே அறுக்க வேண்டும் என்று இன்னொருவரும் சொல்லும்போது யாரை நம்புவது? குழித்துறைப் பக்கம் ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டியைக் கரைத்துவிடுவார் என்று அவனுடைய ஆச்சி ஒற்றைக்காலில் நிற்கிறார். கட்டி பின்னாளில் புற்றாக மாறுமா, எடுத்தால் பாதம் பழையபடி வருமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாளை இயன்முறை

நான் பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். அறுவை பற்றி எலும்பு மருத்துவர்கள் சொல்லட்டும். அதற்கு முன் வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு; அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பாதம் தொங்குவதற்குக் காரணம் முழங்காலருகே இருக்கும் கட்டிதான் என்று எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் அதே தொல்லை இடுப்பிலிருந்தும் வரலாம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் தொங்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பையனைக் கட்டிலில் உட்காரவைத்து, பாதத்தை உள்பக்கமாக, அதாவது மற்றக் காலை நோக்கித் திருப்பச் சொல்லி, உங்கள் கையால் எதிர்த்துப் பிடித்துப் பாருங்கள். முழங்காலருகே உள்ள நரம்பு மட்டும் கெட்டிருந்தால் இந்த உள்திருப்பல் பெரும்பாலும் பலமாகவே இருக்கும். மேலே தூக்குவதும் வெளிப்புறம் திருப்புவதும்தான் தளர்ந்திருக்கும். உள்திருப்பலும் சேர்ந்து தளர்ந்திருந்தால் இடுப்பையும் பார்க்க வேண்டும். முதுகுவலி உண்டா, வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்குகிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்ததாக, உடம்பில் எங்காவது வெளிறிய அல்லது சிவந்த தேமல் போன்ற பட்டை இருந்து, அதில் தொடுவுணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தொழுநோயிலும் இதே இடத்தில் இதே நரம்பு தடித்துப் பாதம் தொங்கும். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டார் பதற வேண்டாம். அதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. நம் பக்கத்தில் பாதத் தொய்வோடு வரும் எவரிடமும் இதைக் கேட்காமல் விடக்கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, உட்காரும் பழக்கம். பீடி சுற்றும் பெண்களும், பாய் முடைபவர்களும், வயலில் குத்தவைத்து நெடுநேரம் களை பறிப்பவர்களும் இதே நரம்பு நசுங்கி எங்களிடம் வருவதுண்டு. முக்கூடல் பீடி சுற்றும் ஊர் என்பதால் கேட்கிறேன்: பையன் வீட்டில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கால் மடக்கி உட்கார்ந்து அம்மாவுக்கு உதவுகிறானா? கட்டி இருக்கும் காலில் அப்படி உட்கார்ந்தால் அழுத்தம் இரட்டிப்பாகும். சோதனைகள் முடியும்வரை சம்மணமும் குத்தவைத்தலும் வேண்டாம், நாற்காலியில் உட்காரட்டும். கட்டியின்மேல் எதையும் தேய்க்கவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

முன்னாள் அரசு மருத்துவர், எலும்புப் பிரிவு

ஆலங்குளத்துக்காரருக்கு: நீங்கள் பார்த்த இரண்டு மருத்துவர்களும் முரண்படவில்லை. முதல் மருத்துவர் பார்த்தது தைப் பொங்கல் சமயத்தில். அப்போது பாதத்தில் பலவீனம் இல்லை, மரத்துப்போதல் இல்லை, வலியும் இல்லை. அந்த நிலையில் இருக்கும் ஆஸ்டியோகாண்ட்ரோமாவை எடுக்காமல் கண்காணிப்பதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். நானும் அதையே சொல்லியிருப்பேன். இரண்டாம் மருத்துவர் பார்த்தபோது கட்டி அதேதான், ஆனால் நரம்பு பழைய நரம்பு இல்லை. பாதம் தொங்கத் தொடங்கிய நாளிலிருந்து, காத்திருக்கலாம் என்ற பழைய ஆலோசனை செல்லாது. தென்காசி மருத்துவரிடமே இப்போது மறுபடி அழைத்துச் சென்றாலும் பெரும்பாலும் அறுவையைத்தான் சொல்வார்.

புற்று இல்லை என்று சொன்னால், தொல்லை தராது என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டி எந்த வகை என்பது ஒரு கேள்வி, எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. தொடையிலோ தோளிலோ இதைவிடப் பெரிய கட்டியோடு ஆயுள் முழுதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்கள் பலர். ஆனால் உங்கள் மருமகனுக்கு அது முளைத்திருப்பது ஃபிபுலா என்னும் கீழ்க்கால் வெளியெலும்பின் கழுத்தருகே. தொடையின் பின்புறமாக இறங்கும் பெரிய நரம்பிலிருந்து பிரியும் பெரோனியல் நரம்பு அந்தக் கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் காலின் முன்பக்கத்துக்கு வருகிறது. அந்த இடத்தில் அதற்கு மேலே தோலும் சிறிது கொழுப்பும்தான், கீழே நேராக எலும்பு. அதோடு, தசையின் தொடக்கத்தில் உள்ள ஓர் இறுக்கமான நார்வளைவுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் அந்த நரம்பால் விலகிக்கொடுக்கவும் முடியாது. கீழிருந்து எலும்பு வளர்ந்தால் அது கட்டியின் முகட்டின்மேல் இழுபட்டு, தட்டையாகி, மெலிந்துபோகும். பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கும், பாதத்தை வெளிப்புறம் திருப்பும் தசைகளுக்கும், பாதத்தின் மேற்புற உணர்ச்சிக்கும் இந்த ஒரு நரம்பே ஆதாரம். செருப்பு கழன்றது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பலவீனம், உணர்ச்சிக் குறைவு இரண்டும் இருக்கின்றன.

இந்தக் கட்டி எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் நீண்ட எலும்புகளில் முனையருகே வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு குருத்தெலும்பு பக்கவாட்டில் விலகி, தானும் எலும்பை உற்பத்தி செய்துகொண்டே போவதால் இந்த முளை எழுகிறது. உச்சியில் குருத்தெலும்புத் தொப்பி இருக்கும். உள்ளே இருப்பது இயல்பான எலும்பும் மச்சையும்தான். எக்ஸ்ரேயில் அது மூட்டுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். பையன் வளரும்வரை அதுவும் வளரும், அவன் வளர்ச்சி நின்றால் அதுவும் நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இன்னும் சில ஆண்டுகள் வளர்ச்சி மிச்சமிருக்கிறது என்பதால், நரம்பை அழுத்தத் தொடங்கிவிட்ட கட்டி தானாக விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இனிச் செய்ய வேண்டியது. எம்.ஆர்.ஐ. அவசியம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. நரம்பு கட்டிக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று கத்தி எடுப்பதற்கு முன்பே அறுவை மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குருத்தெலும்புத் தொப்பியின் தடிமன் அதில் தெரியும். முழங்காலருகே உள்ள சிறு மூட்டிலிருந்து திரவம் கசிந்து நரம்புக்குள்ளேயே புகுந்து உண்டாகும் கேங்லியான் என்ற நீர்க்கட்டியும் இதே இடத்தில் பாதத் தொய்வைத் தரும். அது எக்ஸ்ரேயில் தெரியாது, அதன் அறுவையும் வேறு வகை. நரம்பின் மின்கடத்தல் சோதனையும் தசையில் ஊசி வைத்துச் செய்யும் சோதனையும், நரம்பு அங்கே மரத்துத்தான் நிற்கிறதா, உள்ளிழைகளே அறுந்துவிட்டனவா என்பதைக் காட்டும். பலவீனம் தொடங்கி மூன்று வாரங்களாவது ஆன பிறகே ஊசிச் சோதனை சரியாகத் தெரியும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

அறுவையில் கட்டியைத் தொடுவதற்கு முன் நரம்பைக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழ்வரை விடுவித்து, பாதுகாப்பாக விலக்கி வைப்பார்கள். நார்வளைவையும் வெட்டிவிடுவார்கள். பிறகு கட்டியை அடியோடு, தொப்பியும் அதன் மேலுறையும் சேர்த்து எடுப்பார்கள். தொப்பியில் ஒரு துணுக்கு தங்கினாலும் மறுபடி முளைக்கக்கூடும். வளர்ச்சித் தட்டு பக்கத்திலேயே இருந்தால் அதைக் காயப்படுத்தாமல் எடுப்பது நுணுக்கமான வேலை. முழங்காலின் வெளிப்புறத் தசைநார் அந்த எலும்பின் தலையில்தான் பற்றியிருக்கிறது என்பதால் கட்டியின் அடிப்பாகம் அகலமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

புற்று பற்றிக் கேட்டீர்கள். ஒற்றைக் கட்டி மாறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்றே நூல்கள் சொல்கின்றன, அதுவும் பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு. வளர்ச்சி நின்ற பிறகும் கட்டி பெருத்தாலோ, புதிதாக வலி வந்தாலோ, பெரியவர்களுக்குத் தொப்பி 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோதான் சந்தேகப்படுவோம். சிறுவர்களுக்குத் தொப்பி இயல்பாகவே தடிப்பாக இருக்கும்; எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் மருமகனுக்கு இப்போது அவசரம் நரம்புக்காகத்தான்.

களக்காட்டு வாசகர்

டாக்டர் ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நாட்டு வைத்தியத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் முறை அல்ல என்று நினைக்கிறேன். என் பெரியப்பா மகன் வாழைத்தோட்டத்தில் நாள் முழுவதும் குத்தவைத்து வேலை பார்த்து, மறுநாள் காலையில் வலது பாதம் தொங்கிவிட்டது. குமரி மாவட்டத்து ஆசான் (நாட்டு வைத்தியர்) ஒருவர் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார். சில வாரங்களில் எழுந்து நடந்தார், இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கலாம் அல்லவா? பிள்ளையின் காலில் கத்தி வைக்குமுன் ஒருமுறை காட்டிப் பார்ப்பதில் என்ன நட்டம்?

முன்னாள் அரசு மருத்துவர், எலும்புப் பிரிவு

களக்காட்டு அன்பருக்கு: உங்கள் அண்ணனுக்குக் குணமானது உண்மை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவருக்கு இருந்தது வேறு. நெடுநேரம் குத்தவைத்ததால் வெளியிலிருந்து நரம்பு நசுங்கியது. எழுந்து நின்றதுமே அழுத்தம் போய்விட்டது. இழைகள் அறுபடாமல் மேலுறை மட்டும் பாதிக்கப்பட்ட நரம்பு, எண்ணெய் தடவினாலும் தடவாவிட்டாலும், சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலும் தானே தேறிவிடும். எங்கள் வெளிநோயாளர் பிரிவிலும் அப்படி வருகிறவர்களுக்கு, கால் மடக்காதீர்கள் என்று சொல்லி, பாதத்துக்கு ஒரு தாங்கி கொடுத்து அனுப்புவதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

இந்தப் பையனின் நிலையில் அழுத்தம் உள்ளே இருக்கிறது. அவன் நின்றாலும் படுத்தாலும் உறங்கினாலும் அது நீங்காது. எண்ணெயால் எலும்பு கரையாது. மேலிருந்து அழுத்தித் தேய்த்தால், தோலுக்கும் கெட்டியான எலும்புக்கும் நடுவில் ஏற்கெனவே மெலிந்து கிடக்கும் நரம்புதான் நசுங்கும். காம்புள்ள கட்டியாக இருந்தால் காம்பு முறிந்துபோகவும் கூடும். இந்த வகைக் கட்டி முழங்காலின் பின்புறம் இருக்கும்போது கூர்முனை இரத்தக் குழாயில் உரசி அதன் சுவரைக் கிழித்து வீங்கவைத்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. நட்டம் என்ன என்று கேட்டீர்கள். முதல் நட்டம் நாட்கள். நரம்பு அழுந்திக் கிடக்கும் காலம் கூடக்கூடத் திரும்பி வருவது குறையும். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் ஆசான்மாரிடம் போகிறவர்களை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆச்சியிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கட்டியை எடுத்துத் தையல் ஆறிய பிறகு கெண்டைக்கால் தசையைத் தளர்த்த அவர் கையால் இதமாக எண்ணெய் தடவட்டும், அதற்குத் தடை இல்லை.

புளியங்குடி அம்மா

அண்ணாச்சி, என் மகளுக்கும் இதே கட்டிகள், ஆனால் ஒன்றல்ல, பல. தோள், மணிக்கட்டு, முழங்கால் என்று உடம்பில் பல இடங்களில் இருக்கின்றன. என் வீட்டுக்காரருக்கும் சிறு வயதிலிருந்து முழங்காலருகே புடைப்புகள் உண்டு. அவர் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. மகளுக்குக் காட்டப் போனபோதுதான் இது பரம்பரையாக வரக்கூடியது என்றும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும், பெரும்பாலும் இ.எக்ஸ்.டி. 1, இ.எக்ஸ்.டி. 2 என்ற மரபணுக்களில் ஏற்படும் பிறழ்வே காரணம் என்றும் விளக்கினார்கள். ஆகவே உங்கள் மருமகனின் மற்ற மூட்டுகளையும், அவன் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களின் கைகால்களையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள். வேறு புடைப்புகள் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பல கட்டிகள் உள்ளவர்களுக்குப் பின்னாளில் புற்றாக மாறும் வாய்ப்பு ஒற்றைக் கட்டிக்காரர்களைவிடக் கூடுதல் என்பதால், பெரியவர்களான பிறகும் கண்காணிப்பு வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனையில் எல்லாக் கட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடலாம் என்று பெரிய தொகைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்கை எலும்பில் இருந்த ஒன்று நரம்பில் உரசி, பேனா பிடிக்கும்போது புறங்கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் தெறித்ததால் அதை மட்டும் எடுத்தோம். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை கொண்டுபோய்க் காட்டுகிறோம்.

ஆலங்குளத்துக்காரன்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இயன்முறை அம்மா சொன்னபடி பார்த்தோம். முதுகுவலி இல்லை. தோலில் உணர்ச்சியற்ற பட்டை எதுவும் இல்லை. உள்பக்கமாகப் பாதத்தைத் திருப்பும்போது என் கையையே தள்ளிவிடுகிறான், மேலே தூக்கச் சொன்னால் பெருவிரல் மட்டும் இலேசாக அசைகிறது. குதிகாலால் நடக்கச் சொன்னால் இடது காலில் முடியவில்லை. கட்டியை ஒட்டிக் கீழே விரலால் தட்டினால் பாதத்தின் மேற்புறம் வரை தெறிக்கிறது என்கிறான். பீடித் தட்டு விஷயம் உண்மைதான். தங்கை சுற்றும்போது இவன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டு மடக்கிக் கொடுப்பான். அதை நிறுத்திவிட்டோம். வீட்டில் வேறு யாருக்கும் புடைப்புகள் இல்லை.

எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. நரம்பு கட்டியின் மேல் வளைந்து மெலிந்திருப்பதாகவும், தொப்பி மெல்லியதாக இருப்பதாகவும், நீர்க்கட்டி இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஊசிச் சோதனையில் சில இழைகள் இன்னும் வேலை செய்கின்றன என்றார்கள். ஆச்சி இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டு சந்தேகங்கள் மீதி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா? தங்கையின் குடும்பத்துக்கு வருமானம் குறைவு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், செய்துகொள்வதில் ஏதேனும் குறை உண்டா?

முன்னாள் அரசு மருத்துவர், எலும்புப் பிரிவு

காலாண்டுத் தேர்வை விட்டுவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் பள்ளியில் ஏற்றுக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு காலாண்டுத் தேர்வு போனால் எந்தக் குடியும் முழுகிவிடாது. நீங்கள் எழுதியதில் மிக நல்ல செய்தி, சில இழைகள் இன்னும் வேலை செய்கின்றன என்பது. அவற்றையும் இழக்குமுன் அழுத்தத்தை நீக்க வேண்டும். இன்றிரவே என்ற அவசரம் இல்லை, ஆனால் விடுமுறை பார்த்து நாள் குறிக்கும் காரியமும் இல்லை.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1965 முதல் நடந்து வருகிறது. எலும்புப் பிரிவு, நரம்பியல் பிரிவு, மயக்க மருந்து, திசுப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த மாதிரி அறுவைக்கு ஓர் அனுகூலம். கூட்டமும் காத்திருப்பும் இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. தங்கையிடம் அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளட்டும். பையனின் சோதனை அறிக்கைகளை எல்லாம் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

அறுவை மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: நரம்பை முதலில் வெளிப்படுத்திவிட்டுத்தான் கட்டிக்குப் போவீர்களா; வளர்ச்சித் தட்டு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது; மறுநாள் பாதம் முன்னைவிடத் தளர்ந்திருந்தால் அதை எப்படிப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நரம்பைத் தொட்டு விடுவித்த பிறகு சில நாட்கள், சில வாரங்கள்கூட, பாதம் முன்பைவிட மோசமாகத் தோன்றலாம். பெரும்பாலும் அது தற்காலிகமே. ஆனால் அறுவை முடிந்த இரவில் கால் தாங்கமுடியாத அளவு வலித்து இறுகினால், காலை வரட்டும் என்று இருக்காமல் உடனே பணியில் இருக்கும் மருத்துவரை அழைக்க வேண்டும்.

பழையபடி வருமா என்றால், முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது. மேலுறை மட்டும் கெட்ட இழைகள் வாரக்கணக்கில் விழித்துக்கொள்ளும். அறுந்த இழைகள் கட்டி இருந்த இடத்திலிருந்து தசைவரை புதிதாக வளர்ந்து போக வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் அவை வளரும். எனவே மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இளவயது, பகுதி பலவீனம், சீக்கிரம் எடுத்த முடிவு என்ற மூன்றும் அவன் பக்கம் இருக்கின்றன. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தும் பாதம் எழவில்லையென்றாலும் வழி அடைபட்டுவிடாது: பாதத்தை உள்பக்கம் திருப்பும் அந்தப் பலமான தசையின் நாணை எடுத்து முன்புறமாகக் கொண்டுவந்து தைத்து, பாதத்தைத் தூக்கவைக்க முடியும். தொழுநோயால் பாதம் தொங்கியவர்களுக்கு இந்த நாட்டில் நெடுங்காலமாகச் செய்து கைவந்த அறுவை அது. நாண்களை இடம்மாற்றிச் செயலிழந்த உறுப்பை இயங்கவைக்கும் அந்த வேலை, தொழுநோயாளிகளின் கைகளுக்காக 1940-களின் பிற்பகுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொடங்கியது.

பாளை இயன்முறை

அறுவைக்கு நாள் கிடைக்கும்வரையும் அதற்குப் பிறகும் வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன், தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள்.

பாதம் கீழ்நோக்கித் தொங்கியே கிடந்தால் குதிகால் நாண் சுருங்கிவிடும். பிறகு நரம்பு தேறி வந்தாலும் பாதம் மடங்காது. பிள்ளையின் உழைப்பு வீணாகும். அதனால் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும், காலை நீட்டி உட்காரவைத்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரண்டு முனைகளையும் அவன் கையிலேயே கொடுத்து, தன்னை நோக்கி மெதுவாக இழுத்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கால் மடங்காமல் இருக்க வேண்டும். கெண்டைக்காலில் இழுவை தெரிந்தால் போதும், வலி வரும் அளவுக்கு வேண்டாம். ஏ.எஃப்.ஓ. என்னும் பாதத் தாங்கியை அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். அதன் மேல்விளிம்பும் பட்டையும் கட்டி இருக்கும் இடத்தில் பட்டு அழுத்தாமல், அதற்குக் கீழேயே முடிய வேண்டும் என்று செய்பவரிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் முழங்காலுக்கு நேர்கீழே வரை இழுத்துச் செய்துவிடுவார்கள்.

ரப்பர் செருப்பு வேண்டாம். பின்புறம் வார் உள்ள செருப்பு அல்லது தாங்கி உள்ளே நுழையும் அளவுக்கு ஓர் எண் பெரிதான ஷூ வாங்குங்கள். மேற்புறம் மரத்த பாதம் என்பதால் தினமும் இரவில் கழுவித் துடைத்து, விரலிடுக்கிலும் தாங்கி உரசும் இடங்களிலும் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெயர்ந்த நகம் முழுவதும் ஆறும்வரை ஆற்றில் இறங்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை வரும்போதும் தசைபலத்தை 5-க்கு எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெருவிரலுக்கும் பாதத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இலேசாக அசைகிறது என்று நீங்கள் எழுதியது எங்கள் கணக்கில் 1 அல்லது 2 ஆக இருக்கலாம். அறுவைக்கு முன்பு அந்த எண் பதிவாகியிருந்தால்தான் பிறகு வருவதை ஒப்பிட முடியும். பள்ளிக்கும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: காலை இழுத்து நடப்பது நரம்புப் பாதிப்பால் என்றும், உடற்பயிற்சி வகுப்பில் ஓட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்றும், மேல்மாடியில் வகுப்பு இருந்தால் கீழே மாற்றித் தர வேண்டும் என்றும் மருத்துவரே எழுதித் தருவார்.